யான்புவின் உப்பும் 1:35 லாரியும்

சவுதி அரேபியாவின் மேற்குக் கரையில், செங்கடலை ஒட்டி இருக்கும் யான்புவில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை, நம் ஊரில் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டும் மழைக்குக்கூட ஈடாகாது. ஆனால் அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில், பெயின்ட் உரிந்த, தளம் தாழ்ந்த ஒரு லோபெட் டிரெய்லரைக் கவனிப்பாரில்லாமல் சில வருடம் நிறுத்தி வைத்தால் அதன் அடிச்சட்டத்திலிருந்து துரு தகடு தகடாகப் பெயர்ந்து விழும். அதே யான்புவிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி உள்ளே போய், மதீனாவுக்கு வடக்கே பழைய ஹிஜாஸ் ரயில் பாதையைப் பிடித்தால் காட்சி வேறு. 1908-ல் மதீனாவை எட்டிய அந்தப் பாதை, 1916-ல் தொடங்கிய அரபுக் கிளர்ச்சியில் பல இடங்களில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அப்போது கவிழ்ந்தும் கைவிடப்பட்டும் போன எஞ்சின்களும் வண்டிகளும் பல தலைமுறைகளாக வெட்டவெளியிலேயே கிடந்தன. மேலெல்லாம் பழுப்பேறியும் கொதிகலன் கொதிகலனாகவே இருந்தது. மழை இரண்டு இடத்திலும் இல்லை. இரும்பு இரண்டு இடத்திலும் இரும்புதான். கரையில் சில வருடத்தில் நடப்பது உள்நாட்டில் நூறு வருடமாகியும் ஏன் நடக்கவில்லை?

யான்புவின் சுத்திகரிப்பு ஆலைகளில் துகள் பீச்சித் துருவைச் சுரண்டும் பிளாஸ்டிங், பெயின்டிங் வேலை பார்க்கும் எண்ணற்ற நம் ஆட்களுக்கு இது பிழைப்போடு ஒட்டிய கேள்வி. எதிர்பாராத இன்னொரு கூட்டத்துக்கும் இதில் அக்கறை உண்டு: ராணுவ லாரிகளையும் டிரெய்லர்களையும் சிறு அளவில் செய்து, அவை களத்தில் உழைத்துத் தேய்ந்த தோற்றத்தைப் பெயின்டால் கொண்டுவரும் மாடல் கலைஞர்கள். இவர்கள் அதிகம் கையாளும் அளவு 1:35, அதாவது நிஜ வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்த ஒரு டேங்க் பொம்மை செய்தபோது, பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்கும்படி வைத்த அளவுதான் பின்னால் உலக வழக்காகிவிட்டது. பெட்டியில் கிட்டாக வருவதை ஒட்டுவது ஒரு வகை. பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, கூல்டிரிங்க்ஸ் டின் என்று கையில் கிடைத்ததை வெட்டி முழு வண்டியையும் தானே கட்டுவது இன்னொரு வகை. ஸ்கிராட்ச் பில்ட் என்பார்கள். கட்டி முடித்தபின் வெயிலும் புழுதியும் துருவும் ஏற்றுவது வெதரிங். பலரும் இந்தக் கடைசிக் கட்டத்தை அலங்காரமாகவே நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது ஒரு வாக்குமூலம்: இந்த வண்டி எந்த ஊரில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலம் நின்றது என்று மாடல் சொல்லியே ஆகிறது. சொல்வது உண்மையா என்பதை இயற்பியலையும் வேதியியலையும் வைத்துச் சோதித்துவிடலாம். ‘பழைய ராணுவ வண்டி, ஆகவே துரு’ என்று கண்ட இடமெல்லாம் ஆரஞ்சு தடவிய மாடல்களில் பெரும்பாலானவை அந்தச் சோதனையில் தேறாது.

துரு எங்கே பிடிக்கும் என்பதில் தொடங்குவோம். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் 1920-களில் செய்து காட்டிய ஒரு சோதனை, எளிமையிலும் அழகிலும் இன்றுவரை இணையற்றது. நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு உப்பு நீர். அதில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்திருப்பார்: ஒன்று, இரும்பு கரைந்து வரும் இடத்தில் நீலமாகும், மற்றது, நீர் காரத்தன்மை அடையும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுவே நீலம் திரளும், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் விழும், இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படியும். விளிம்பில் நீர்ப்படலம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் சுலபமாக உள்ளே வந்து, இரும்பிலிருந்து ஓடிவரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. நடுவில் ஆக்சிஜன் எட்டுவதில்லை. அந்த எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைவது அங்குள்ள இரும்பு. ஒரு சொட்டுக்குள்ளேயே ஒரு மின்கலம். ஆக்சிஜன்தான் துருவுக்குக் காரணம், ஆகவே காற்று நன்றாகப் படும் இடமே முதலில் அரிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு: காற்று எட்டாத இடம் அரிக்கப்படுகிறது. இதைக் காற்றோட்ட வேறுபாட்டு அரிப்பு எனலாம். டிரெய்லரில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு, போல்ட் தலைக்கு அடி, சேறு அப்பிய மூலை, உரிந்த பெயின்டின் ஓரத்துக்கு உள்பக்கம் ஆகியவைதான் துருவின் ஊற்றுக்கண்கள். விரிந்து கிடக்கும் தட்டையான கதவின் நட்டநடுவே பெரிய ஆரஞ்சுத் திட்டு வைத்த மாடல், எவன்ஸின் சொட்டைப் பார்க்காதவர் செய்தது.

சொட்டுக்கு நீர் வேண்டுமே, மழையில்லாத யான்புவில் அது எங்கிருந்து வரும்? மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் கல் உப்பு தானே கசிந்து நீர் விடுவதைப் பார்த்திருப்போம். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் இருந்த ஆவியை உப்பே இழுத்துக் கரைந்துவிட்டது. ஈரம் உறிஞ்சிக் கரைதல் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் இந்தக் குணத்துக்கு ஒவ்வொரு உப்புக்கும் ஒரு வாசல் உண்டு. சோடியம் குளோரைடுக்கு அது ஏறத்தாழ 75 சதவீத ஒப்பு ஈரப்பதம். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆக, உப்புத் தூசி படிந்த இரும்பின் மேல் மழையே இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று உருவாகிவிடும். தூசியின் பங்கை அழகாக நிரூபித்தவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் வெர்னான். ஒரே அறையில் இரண்டு இரும்புத் துண்டுகளைத் தொங்கவிட்டார்; ஒன்றைச் சுற்றி மட்டும் மெல்லிய மஸ்லின் துணியால் கூண்டு. ஈரக்காற்று துணியைத் தாராளமாகக் கடந்து போகும், தூசி போகாது. வெளியே தொங்கியது துருப்பிடித்தது. கூண்டுக்குள் இருந்தது பளபளப்பு மாறாமல் இருந்தது. மாசு கலந்த காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது அரிப்பு திடீரென்று வேகமெடுப்பதையும் 1930-களில் அவரே அளந்து காட்டினார். துருவுக்கு மழை தேவையில்லை. ஈரக்காற்றும் அதைப் பிடித்து வைக்கும் அழுக்கும் போதும்.

இந்தக் கணக்கில் யான்புவைப் பொருத்திப் பாருங்கள். செங்கடல் உலகின் மிக உப்பான கடல்களில் ஒன்று. லிட்டருக்கு 40 கிராம் அளவில் உப்பு. கரையோரத்தில் உப்புப் படிந்த சப்கா நிலங்களிலிருந்து கிளம்பும் புழுதியிலும் உப்பு உண்டு. பகலில் கொதிக்கும் இரும்பு இரவில் தெளிந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. கடற்காற்றின் ஆவி அதன்மேல் பனியாக இறங்குகிறது. இதில் மழை இல்லாதது பாதுகாப்பு அல்ல, பாதகம். சென்னையில் நின்ற லாரியின் மேல் படிந்த உப்பை வடகிழக்குப் பருவமழை வருடத்துக்கு ஒருமுறையாவது கழுவிவிடும். யான்புவில் கழுவ ஆளில்லை. வெயில் எட்டாத, காற்று உலர்த்தாத அடிச்சட்டத்தின் உள்முகங்களில் உப்பு வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. டிரெய்லரின் மேல்தளத்தைவிட அடிவயிறு மோசமாக இருப்பது இதனால்தான். தமிழகத்தில் இந்த அரிப்பை அளப்பதற்கென்றே நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபம் கடலோரத்தில் உலோகத் துண்டுகளை வெளியில் வைத்து, எடையிழப்பை அளந்து வந்திருக்கிறது. இந்தியாவுக்கான அரிப்பு வரைபடத்தையும் தயாரித்தது. இரும்பை எடை பார்த்து வெளியில் வைப்பது, ஒரு வருடம் கழித்துத் துருவை நீக்கி மீண்டும் எடை பார்ப்பது: முறை இவ்வளவுதான். இதே முறையில் பல நாடுகளில் ஒரே மாதிரி எஃகை வைத்துப் பார்த்த ஜே. சி. ஹட்சனின் பட்டியலில் சூடானின் கார்ட்டூம் அடியில் கிடக்கிறது, நைஜீரியாவின் லாகோஸ் கடற்கரை உச்சியில் நிற்கிறது. இடையே நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். இரண்டும் வெயில் கொளுத்தும் ஊர்கள்தான். இன்றைய சர்வதேசத் தரநிலையும் அதே கதையைச் சொல்கிறது: சாந்தமான காற்றில் முதல் வருடம் எஃகு இழப்பது 25 மைக்ரானுக்குள், மிகக் கொடிய கடலோரத்தில் 200 முதல் 700 மைக்ரான் வரை.

உள்நாட்டுப் பாலைவனத்தில் ஒரு லாரி எப்படி முதுமை அடையும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் லிபிய, எகிப்தியப் பாலைகளில் ஓடிய பிரிட்டிஷ் தரப்பின் நெடுந்தூரப் பாலைவனப் படை விட்டுச் சென்ற செவ்ரலே லாரி ஒன்றை 1980 வாக்கில் லிபிய மணலிலிருந்து மீட்டார்கள்; லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில், புதுப்பிக்காமல் அப்படியே வைக்கப்பட்டது. பெயின்ட் ஏறக்குறைய போய்விட்டது. மேலே மெல்லிய, மங்கிய காப்பிப் பழுப்பு. தகடோ தகடாகவே இருக்கிறது, செதில் இல்லை. அந்தப் படையை 1940-ல் உருவாக்கிய ரால்ஃப் பாக்னோல்டுதான், காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்பதற்கான அடிப்படை நூலை 1941-ல் வெளியிட்டவர் என்பது அறிவியல் வரலாற்றின் இனிய தற்செயல்களில் ஒன்று. காற்றுச் சுரங்கத்தில் அவர் கண்டது: மணல் துகள் புழுதிபோல மிதப்பதில்லை, தரையில் மோதித் துள்ளித் துள்ளிப் போகிறது, அப்படித் துள்ளும் மணலில் பெரும்பகுதி தரையை ஒட்டியே போகும், ஆளுயரம் எட்டுவது அபூர்வம். பல காலம் நின்ற வண்டியில் மணல் பெயின்டைத் தேய்ப்பது சக்கர உயரத்தில்தான். கூரைவரை மணல் அரித்ததாகக் காட்டும் மாடலை பாக்னோல்டு ஏற்றிருக்க மாட்டார்.

கூரையைக் கெடுப்பது வேறொன்று. பெயின்ட் என்பது நிறமித் துகள்களும் அவற்றைப் பிடித்து வைக்கும் பிசினும். வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினின் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக்குகிறது. பிடி விட்ட நிறமி மேலே பொடியாகப் பூக்கிறது. விரலால் தடவினால் மாவு போல ஒட்டும். பெயின்டர்கள் சாக்கிங் என்பார்கள். தமிழில் சுண்ணம் பூத்தல் எனலாம். நிறம் வெளுத்துப் பால் கலந்ததுபோல் ஆவது இதனால்தான், புழுதியால் மட்டும் அல்ல. வானத்தைப் பார்க்கும் பரப்புகள் அதிகம் வெளுக்கும், நிழல் விழும் பக்கவாட்டு பழைய நிறத்தோடு இருக்கும். இதோடு பெயின்டின் அடுக்கு வரலாற்றையும் சேர்க்க வேண்டும். 1990–91 வளைகுடாப் போருக்கு ஜெர்மனியிலிருந்து வந்த அமெரிக்கப் படையின் வண்டிகள் பச்சை உருமறைப்போடு கப்பலில் வந்தன. சவுதித் துறைமுகங்களில் பலவற்றுக்கு அவசரமாக மணல் நிறம் அடிக்கப்பட்டது. அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் முதலில் தெரிவது இரும்பு அல்ல, பச்சை. ஆழமாகக் கீறினால் பிரைமர். அதையும் தாண்டினால்தான் எஃகு, துருவுக்கான உரிமை அதற்குத்தான். அந்தப் போரில் டேங்குகளைச் சுமந்த எம்911 லாரியும் எம்747 டிரெய்லரும் சேர்ந்த ஜோடியைச் செய்பவர், மணல் நிறக் கீறல்களில் நேரே துரு வைத்தால் இரண்டு அடுக்கு வரலாற்றைத் தாண்டிக் குதிக்கிறார். அதற்குப் பதில் போருக்குப் பிறகே வந்த எம்1070 லாரியை 1991 காட்சியில் நிறுத்துவோரும் உண்டு. அது துருவைவிடப் பெரிய பிழை, இருந்தாலும் இக்கட்டுரையின் வழக்கு அது அல்ல.

மாடல் கலைஞர்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்த சில உத்திகள் அசல் அரிப்பின் இயக்கத்தையே ஒத்திருப்பதுதான் வியப்பு. துரு நிறத்தை முதலில் அடித்து, அதன்மேல் ஹேர்ஸ்பிரே தெளித்து, உலர்ந்ததும் வண்டி நிறம் அடிப்பார்கள். பிறகு தண்ணீர் தொட்ட தூரிகையால் தேய்த்தால், நீர் மேல்பூச்சை ஊடுருவி ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கும். மேலே உள்ள பெயின்ட் பிடிமானம் இழந்து, ஒழுங்கற்ற ஓரங்களோடு உரியும். மற்றொரு முறையில் ஈரப் பரப்பில் சாப்பாட்டு உப்பைத் தூவி, மேலே பெயின்ட் அடித்து, உலர்ந்தபின் உப்பைத் தட்டி எடுப்பார்கள். நிஜ உலகில் பெயின்டை அடியிலிருந்து தூக்குவதும் இதே கூட்டணிதான். பெயின்டுக்கு அடியில் கொஞ்சம் உப்பு சிக்கியிருந்தால் அது சவ்வூடு பரவலால் வெளியிலிருந்து நீரை உள்ளே இழுக்கிறது. பூச்சு கொப்புளமாக எழும்பி வெடிக்கிறது. வளைகுடா ஆலைகளில் இரும்பை பிளாஸ்டிங் செய்து வெள்ளையாக்கிய பிறகும் உடனே பிரைமர் அடிக்க விடாமல், ஒட்டும் சிறு பட்டையை ஒட்டி, உள்ளே சுத்தமான நீரைச் செலுத்தி எடுத்து, உப்பு எவ்வளவு என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பது இந்தக் கொப்புளத்துக்குப் பயந்துதான். கண்ணுக்குப் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும் இரும்பில் உப்பு இருக்கும். சால்ட் டெஸ்ட் தேறாவிட்டால் கழுவிவிட்டு மறுபடி பிளாஸ்டிங். வெயிலில் நிற்கும் ஆட்களுக்கு அதைவிட எரிச்சலூட்டும் முடிவு கிடையாது.

இப்படி இயற்பியலை இழுத்து வைத்து ஒரு கலையை நெரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய பொருளில் எதையும் கொஞ்சம் மிகைப்படுத்தினால்தான் கண்ணில் படும் என்பது அவர்கள் வாதம். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1:35 மாடலை அரை மீட்டர் தூரத்தில் பார்ப்பது, நிஜ வண்டியை 17.5 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணத்துக்கு, அந்தத் தூரத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் வரும். அதைவிடச் சிறிய கீறல்கள் தனித்தனியாகத் தெரியாமல் மொத்த நிறத்தில் ஒரு மங்கலாகக் கரைந்துவிடும். மாடலில் இந்த எல்லை 0.15 மில்லிமீட்டர். தூரிகை நுனியால் வைத்த 1 மில்லிமீட்டர்ப் புள்ளியோ நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் காயம்! கண்ணில் பட மிகைப்படுத்தவே வேண்டியதில்லை. கை நடுக்கமே ஏற்கெனவே ஏழு மடங்கு மிகைப்படுத்திவிடுகிறது. தொலைவில் உள்ளவை வெளிறித் தெரியும், அதனால் மாடலின் நிறத்தை வெளுக்க வேண்டும் என்ற பழைய விதிக்கும் இதே கதிதான். 17 மீட்டர் காற்று எந்த நிறத்தையும் பெரிதாக வெளுக்காது. ஆனாலும் வெளுத்தால் நன்றாக இருக்கிறது என்று அனுபவம் சொல்வது பொய்யல்ல, காரணம்தான் வேறு. உச்சி வெயில் தருவது ஒரு லட்சம் லக்ஸ் அளவு ஒளி, நம் வீட்டு விளக்கு தருவது சில நூறு. வெயிலில் பார்த்துப் பழகிய மணல் நிறம் அறையில் இருண்டு தெரிவதால் அதை ஈடுகட்டுகிறோம். இந்த இடத்தில் கலைஞரின் கண் சரி, அவர் சொல்லும் காரணம் தவறு.

அளவு சுருங்கும்போது சுருங்க மறுப்பவையும் இருக்கின்றன, அங்கே நான் கலைஞர் பக்கம். மூன்றரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை 1:35-ல் காட்ட 0.1 மில்லிமீட்டர் போதும். கூல்டிரிங்க்ஸ் டின்னின் சுவர் ஏறத்தாழ அந்தக் கனம், அதனால்தான் மட்கார்டுக்கு அதை வெட்டுகிறார்கள். அடிபட்டு நெளிந்த தகடாக அதை நெளிக்கவும் முடியும். மணலில் இந்தப் பாச்சா பலிக்காது: கால் மில்லிமீட்டர் கடற்கரை மணலை அப்படியே தூவினால் அது மாடல் உலகில் ஒன்பது மில்லிமீட்டர் ஜல்லி. ஆகவேதான் நுண்ணிய நிறமிப் பொடியைப் புழுதியாகப் பயன்படுத்துகிறார்கள். இரும்பு ஆக்சைடு நிறமிகள் மைக்ரானுக்கும் சிறியவை. நீரின் பரப்பு இழுவிசையோ எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாது. நீர்த்த பெயின்டை விட்டால் நுண்புழை ஈர்ப்பால் இடுக்குகளுக்குள் தானே ஓடி, மூலைகளில் இருளாகத் தேங்கும். நிஜத்தில் அழுக்கு மூலையில் சேர்வது காற்று அங்கே அடங்குவதால். காரணங்கள் வேறு, விளைவு ஒன்று. இந்தப் பொய்யை மன்னிக்கலாம்.

கடைசியாக ஒரு வலுவான ஆட்சேபம்: உள்நாட்டிலும் ஹிஜாஸ் எஞ்சின்கள் பழுப்பாகத்தானே இருக்கின்றன, பிறகு துரு வைப்பதில் என்ன குற்றம்? குற்றம் துருவில் இல்லை, ஒரே துருவை எங்கும் வைப்பதில் இருக்கிறது. துரு ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம். புதிதாக உருவாகும் லெபிடோகுரோசைட் ஆரஞ்சு. காலப்போக்கில் நிலைத்து நிற்கும் கோதைட் மஞ்சள் கலந்த பழுப்பு. ஆக்சிஜன் குறைந்த அடியடுக்கில் கருப்பு மேக்னடைட். குளோரைடு நிறைந்த கடலோரத்தில் அகாகெனைட் என்ற வகையும் சேர்ந்து, செதில் செதிலாக எழும்பி, அடியில் அரிப்பைத் தொடரவிடுகிறது. வறண்ட உள்நாட்டில் வருடத்துக்குச் சில பனி இரவுகளே வேலை செய்வதால் மெல்லிய, சீரான, இருண்ட படலம் மட்டுமே. ஆரஞ்சு, ‘இப்போது நனைந்துகொண்டிருக்கிறேன்’ என்கிறது. காப்பிப் பழுப்பு, ‘எப்போதோ நனைந்தேன்’ என்கிறது. கடலிலிருந்து தள்ளிப் போகப் போகக் காற்றிலுள்ள உப்பு முதல் சில கிலோமீட்டரிலேயே செங்குத்தாகக் குறைந்துவிடுவதால், ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டும் நிறத்தை முடிவு செய்ய இயலாது. யான்புவிலேயே துறைமுக யார்டு ஒரு கணக்கு, மதீனா சாலையில் மலையடிவாரம் இன்னொரு கணக்கு.

ஆக, யான்பு துறைமுகத்தில் நிற்கும் லோபெட் டிரெய்லர் ஒன்றை 1:35-ல் கட்டுபவர், மேல்தளத்தை வெளுக்க வைத்து, பக்கங்களில் பழைய நிறத்தை விட்டு, அடிச்சட்டத்தின் உள்முகத்திலும் தகடுகள் படியும் இடுக்கிலும் செதில் துருவை ஏற்றி, போல்ட் தலைகளுக்குக் கீழே மட்டும் மெல்லிய ஒழுகல் வரையலாம். மழையில்லாத ஊரில் நீண்ட ஒழுகல்களுக்கு நியாயமில்லை, பனி அவ்வளவு தூரம் ஓடாது. மிகக் கவனமாக முடிவு செய்ய வேண்டிய இடம் பின்பக்கச் சாய்தளம். டேங்கின் சங்கிலிப் பட்டை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அங்கே பெயின்ட் சுரண்டப்பட்டு எஃகு பளிச்சென்று வெளிப்படும். உள்நாட்டுப் பாலையில் அந்தப் பளபளப்பு மங்கிய சாம்பல் நிறமாக வாரக்கணக்கில் நிற்கும். யான்பு கரையில் ஓர் இரவுப் பனியே அதில் ஆரஞ்சுப் படலம் போட்டுவிடும், மறுநாள் ஏறும் டேங்க் அதைத் துடைத்துவிடும். எனவே சாய்தளம் பளபளத்தால் சக்கரங்களில் புதுப் புழுதி இருந்தாக வேண்டும்; சாய்தளம் ஆரஞ்சானால் டேங்க் ஏறி ஓர் இரவாவது ஆகியிருக்க வேண்டும், தளத்தைக் கட்டும் சங்கிலிக் கண்ணிகளும் அதே ஆரஞ்சில் இருந்தாக வேண்டும். சாய்தளத்தில் ஆரஞ்சும் சங்கிலியில் வெள்ளிப் பளபளப்பும் ஒரே டிரெய்லரில் வராது.